முதல்முறை பிரான்ஸ் போகிறேன், பிரெஞ்சு தெரியாது. அங்குள்ளவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்களாமே, உண்மையா?

உண்மை இல்லை. பத்து நாள் பயணத்துக்கு ஐந்தாறு சொற்கள் தெரிந்தால் போதும், அதில் ஒன்றை மட்டும் எங்கேயும் விட்டுவிடக் கூடாது: பொன்ஜூர், அதாவது வணக்கம். நான் பிரான்ஸின் லியோன் நகரில் நாலு வருஷமாக இருக்கிறேன். "ரொம்பத் திமிர் பிடித்தவர்கள்" என்று ஊரிலிருந்து வந்துபோனவர்கள் சொல்கிற கதைகளைக் கொஞ்சம் கிளறிக் கேட்டால், பெரும்பாலும் இவர்கள் பொன்ஜூர் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போயிருப்பார்கள்.

எனக்கும் அதுதான் நடந்தது. வந்த முதல் வாரம் பக்கத்துத் தெரு ரொட்டிக்கடையில், மனப்பாடம் செய்து வைத்திருந்த "யூன் பகெத், சில் வூ ப்ளே" (ஒரு நீள ரொட்டி தாருங்கள்) என்பதை அப்படியே சொன்னேன். கடைக்கார அம்மா கையைக்கூட அசைக்கவில்லை. "பொன்ஜூர், மிஸ்யூ" என்றார். நான் மறுபடியும் பகெத் கேட்டேன், அவர் மறுபடியும் பொன்ஜூர் என்றார், இந்த முறை இன்னும் அழுத்தி. நிறத்தைப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறாரோ என்று மனசு கனத்துவிட்டது. அப்போது உள்ளே வந்த ஒரு பெரியவர், யாரையும் தனியாகப் பார்க்காமல் கடையில் நின்ற எல்லோருக்கும் பொதுவாக "மெஸ்யூ தாம், பொன்ஜூர்" என்றார், எல்லோரும் பதில் சொன்னார்கள். அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

நம் ஊர்க் கடையிலும் யாரும் வணக்கம் சொல்லிவிட்டுச் சர்க்கரை கேட்பதில்லைதான். ஆனால் "அண்ணே, ஒரு கிலோ சர்க்கரை" என்கிறோம். அந்த அண்ணேயை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், அதட்டுகிற மாதிரி இருக்கும். அங்கே அண்ணே, அக்காவின் வேலையைப் பொன்ஜூர்தான் செய்கிறது. பேருந்து ஓட்டுநர், மருந்துக்கடை, லிஃப்டில் ஏறுகிறவர், எல்லோருக்கும் சொல்லுங்கள். பொழுது சாய்ந்தால் பொன்சுவார், கிளம்பும்போது மெர்சி (நன்றி), ஓருவார் (போய் வருகிறேன்). ஆங்கிலத்தில் பேச வேண்டுமென்றாலும் முதலில் பொன்ஜூர், அப்புறம் "பார்லே வூ ஆங்லே?" என்று கேளுங்கள். எடுத்த எடுப்பில் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதற்கும் இதற்கும் கிடைக்கிற முகம் வேறு.

நீ, நீங்கள் மாதிரி அவர்களுக்குத் தூ, வூ உண்டு, அதனால் நமக்கு இது சுலபம். ஒரு வித்தியாசம் மட்டும். நாம் வயதைப் பார்ப்போம், அவர்கள் நெருக்கத்தைப் பார்ப்பார்கள். பேரன் தாத்தாவைத் தூ என்றே கூப்பிடுவான். ஆனால் கடையில் நிற்கிற இருபது வயதுப் பையனுக்கு வூதான். உங்களுக்குப் பழக்கமில்லாத, வயது வந்தவர்கள் எல்லோருக்கும் வூ என்று வைத்துக்கொண்டால் தவறு வராது.

சாப்பாட்டு நேரத்தில் கவனமாக இருங்கள். மதியம் 12 முதல் 2 வரைதான், அதற்குப் பிறகு பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு 7 மணிக்குத்தான் மறுபடியும். மூன்று மணிக்குப் பசியோடு அலைய வேண்டாம். தண்ணீர் என்று மட்டும் கேட்டால் காசுக்குப் பாட்டில் வரலாம், "யூன் கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும். சாப்பிட்டு முடித்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் பில் தானாக வராது. கேட்காமல் பில் வைப்பது எழுந்து போகச் சொல்வது போல என்று அவர்கள் நினைக்கிறார்கள், அதனால் "லதிஸ்யோன், சில் வூ ப்ளே" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். மனசுக்குப் பிடித்திருந்தால் ஒன்றிரண்டு யூரோ வைக்கலாம், வைக்காவிட்டாலும் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

நீங்கள் சைவம் என்றால் "வெஜிடேரியன்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள், மீனைக் கொண்டு வந்து வைப்பவர்களும் உண்டு. "சான் வியாந்த், சான் புவாசோன்", அதாவது கறியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்லுங்கள். சாலட்தானே என்று அசந்துவிடவும் கூடாது. எங்கள் ஊரின் பெயர்பெற்ற லியோன் சாலட்டில் லார்தோன் என்கிற பன்றிக்கறித் துண்டுகளும் முட்டையும் இருக்கும். பாரிஸில் இட்லி தோசைக்கு ஏங்கினால் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பெல் பக்கம் போங்கள், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

ரொட்டி வாங்கும்போது வெறும் பகெத் கேட்காமல் "யூன் த்ரதிஸ்யோன்" என்று, அதாவது பாரம்பரிய முறையில் செய்த பகெத்தைக் கேளுங்கள். 1993 அரசாணைப்படி அந்த மாவை எந்தக் கட்டத்திலும் உறையவைக்கக் கூடாது, சேர்க்கைப் பொருள்களும் கூடாது. சில காசுகள் கூடுதல்தான், ருசியில் ரொம்ப வித்தியாசம். வாங்கிய கையோடு நடந்துகொண்டே நுனியைக் கிள்ளித் தின்பதில் கூச்சமே வேண்டாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்லும் பீஸ் என்கிற பழக்கம் பற்றிப் பயப்பட வேண்டாம், பயணிகளிடம் எதிர்பார்க்க மாட்டார்கள், கை நீட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை, முக்கியமாகச் சின்ன ஊர்களில், மதியத்துக்குமேல் கடைகள் கிடைப்பது கஷ்டம், மே 1 அன்று இன்னும் மோசம். தேவையானதை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.