லினக்ஸில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டும் ஒரு கார்டின் மொனிட்டர்கள் மட்டும் எரிவது ஏன்?

எனக்கும் இதே கூத்து நடந்தது. மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைப் பக்கம் சின்ன டிசைன் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கார்டு, மூன்று மொனிட்டர். முதல் கார்டில் செருகிய இரண்டும் எரிந்தன. மற்றக் கார்டில் இருந்தது கறுப்பாகவே கிடந்தது.

முதலில் உப்புக்காற்றைத்தான் சந்தேகப்பட்டேன். இங்கே எது பழுதானாலும் பழி அதற்குத்தான். கார்டைக் கழற்றி, அடியில் இருக்கும் தங்க நிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைக்கு வந்த தம்பி ஒருவர், "அண்ணன், கார்டு செத்துட்டு, புதுசு வாங்குங்க" என்றார். நல்லகாலம், வாங்கவில்லை.

நீங்கள் முதலில், கணினியில் செருகியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கார்டு அதில் தெரியாவிட்டால், கணினி எழும்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போங்கள். தனிக் கார்டு போட்டதும் போர்டோடு வரும் கிராபிக்ஸைப் பயோஸ் அணைத்துவிடுவதுண்டு.

எனக்கு இரண்டும் தெரிந்தன. ஒன்று 01:00.0, மற்றது 10:00.0. முதலில் வருவது பஸ் எண், கார்டு எங்கே இருக்கிறது என்று சொல்வது. அதைப் பார்த்துத்தான், லினக்ஸில் திரையை வரையும் எக்ஸ் என்ற மென்பொருளின் அமைப்புக் கோப்பான எக்ஸ்ஓர்க் கோப்பில் பஸ் ஐடியை "பிசிஐ:10:0:0" என்று எழுதியிருந்தேன். இதில் என்ன பிழை என்று இரண்டு இரவு முழித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், எக்ஸ் தன் வேலைகளைப் பதிந்துவைக்கும் லொக் கோப்பைத் திறந்தேன். அதில் பிழை வரிகளுக்கு முன்னால் அடைப்புக்குள் இரண்டு ஆங்கில ஈ எழுத்து இருக்கும். எங்கே ஈ மொய்க்கிறதோ அங்கேதான் நாற்றம். இரண்டாவது திரையை நீக்கிவிட்டதாக ஓர் ஈ வரி சொன்னது. ஆனால் காரணம் அதற்கு மேலே, ஈ இல்லாத ஒரு வரியில் இருந்தது. எக்ஸ் தான் கண்ட கார்டுகளை அங்கே வரிசைப்படுத்துகிறது, என் கார்டுக்கு நேரே 16 என்று இருந்தது! எல்எஸ்பிசிஐ காட்டுவது பதினாறடி எண் (பதினாறு பதினாறாக எண்ணுவது), எக்ஸ்ஓர்க் கோப்புக்கு வேண்டியது நாம் வழக்கமாக எண்ணும் தசம எண். அங்கே 10 என்றால் இங்கே 16. பஸ் எண் 9 வரை இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் பலருக்கு இது தட்டுப்படுவதே இல்லை. கார்டை வேறு ஸ்லொட்டுக்கு மாற்றினால் எண்ணும் மாறலாம், கவனம்.

16 என்று திருத்தியதும் மொனிட்டர் எரிந்தது. ஆனால் மவுஸ்தான் அந்தப் பக்கம் போனது, விண்டோவை இழுத்துப் போக முடியவில்லை. எக்ஸுக்கு அது தனித் திரை. எக்ஸில் உள்ள சினெராமா என்ற வசதியைப் போட்டால் திரைகள் ஒட்டும், ஆனால் விண்டோக்களுக்கு நிழல், ஒளிபுகும் தோற்றம் எல்லாம் தரும் கொம்போசிட் நின்றுவிடும். எனக்கு அது சரிவரவில்லை.

இப்போது அந்த எக்ஸ்ஓர்க் கோப்பையே தூக்கிவிட்டேன். திரைகளை அமைக்கும் கட்டளையான எக்ஸ்ராண்டரில் லிஸ்ட்புரொவைடர்ஸ் கொடுத்து இரண்டு கார்டும் வருகிறதா என்று பார்த்து, பிறகு செட்புரொவைடர்அவுட்புட்சோர்ஸ் 1 0 கொடுத்தேன். முதல் கார்டு வரைகிறது, மற்றது காட்டுகிறது. 2012இல் வந்த எக்ஸ் சேர்வர் 1.13இலிருந்து இந்த வசதி இருக்கிறது. திறந்த மூல டிரைவர்களோடு எனக்குச் சிக்கலில்லாமல் ஓடுகிறது.

ஒன்று, நீங்கள் எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் இருந்தால் எக்ஸ்ஓர்க் கோப்பில் எதை எழுதினாலும் அது கணக்கெடுக்காது. அப்படியில்லாமலும் எரியாவிட்டால் லொக்கில் உள்ள ஈ வரிகளை இங்கே போடுங்கள், பார்ப்போம்.