சிறுகோளுக்குப் பெயர் விலைக்குக் கிடைக்குமா?

கேள்வி: பணம் கட்டினால் ஒரு சிறுகோளுக்கு என் பேத்தியின் பெயரை வைக்கலாம் என்கிறார் ஒருவர். உண்மையா?

பதில்: பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. இந்தப் பெயர்கள் விற்பனைக்கு இல்லை.

கண்டுபிடித்தவுடன் கிடைப்பது தற்காலிகக் குறியீடு மட்டுமே. ‘2004 எம்என்4’ என்றால், 2004 ஜூன் இரண்டாம் பாதியின் 113ஆவது கண்டுபிடிப்பு. (அந்தக் கணக்கை விளக்க இந்தப் பக்கம் போதாது.) சுற்றுப்பாதை உறுதியான பிறகு நிரந்தர எண் வரும். இதற்கு 99942. பெயர் அதற்கும் பிறகுதான். அதை முன்மொழியக் கண்டுபிடித்தவருக்குப் பத்தாண்டு உரிமை உண்டு. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஏற்க வேண்டும். பூமியை நெருங்கி வருபவற்றுக்குப் புராணப் பெயர் சூட்டுவது வழக்கம். அதனால் இதற்கு எகிப்தியப் புராணத்தின் இருட்டுப் பாம்பு ‘அபோபிஸ்’ பெயர் கிடைத்தது.

வணிகப் பெயர்களுக்கு இடமில்லை. அரசியல்வாதிகளும் படைத்தலைவர்களும் இறந்து நூறாண்டு காத்திருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவரைக் கும்பிடத் தோன்றுகிறது! 1801இல் முதல் சிறுகோளைக் கண்ட பியாஸி, சீரிஸ் தேவியோடு தன் மன்னர் ஃபெர்டினாண்டின் பெயரையும் ஒட்டினார். மற்ற நாட்டவர் ஏற்கவில்லை; மன்னர் கழன்றுகொண்டார், தேவி மட்டும் நிலைத்தாள்.

2309ஆம் எண்ணுக்கு உரியது ‘மிஸ்டர் ஸ்பாக்’. கண்டுபிடித்தவர் வளர்த்த பூனையின் பெயர் அது. பிறகு, செல்லப்பிராணிகளின் பெயர்களைத் தவிர்க்குமாறு ஒன்றியம் சொல்லிவிட்டது. பூனைக்குக் கொடுத்ததை மட்டும் திரும்பப் பெறவில்லை.