முன்பணம் கட்டலாமா?

அன்புள்ள ஐயா,

விருதுநகர் பக்கம் கிராமம், எனக்குத் தையல் வேலை. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்ஆஃப் 200க்கு 168. இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. ஒருவர் வீடு தேடி வந்து, 'கவுன்சலிங்குக்கு அலைய வேண்டாம், பத்தாயிரமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுங்கள், இப்போதே சீட் உறுதி, முதல் பட்டதாரி சலுகையும் வாங்கித் தருகிறோம்' என்கிறார். கட்டலாமா? நான்கு சென்ட் இடம் இருக்கிறது, விற்கவும் தயார்.

எம்.

அன்புள்ள எம்.,

கட்டாதீர்கள். ஒரிஜினலையும் கொடுக்காதீர்கள், அதைக் கல்லூரியே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) விதி, இடையில் வந்த ஆளுக்கு என்ன உரிமை?

முதல் பட்டதாரி சலுகை அரசு கவுன்சலிங்கில் இடம் பெறுகிறவர்களுக்கு மட்டும்தான். அவர் பிடித்துத் தருவது கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு சீட், அதற்குக் கட்டணமும் கூடுதல், சலுகையும் கிடையாது. சுயநிதிக் கல்லூரியில் இந்தச் சலுகை ஆண்டுக்கு 25,000 ரூபாய், நான்கு வருஷத்துக்கு ஒரு லட்சம். பத்தாயிரத்தைக் கட்டி அந்த ஒரு லட்சத்தையும் விடச் சொல்கிறார் மனிதர். 168க்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, ஆனால் சுயநிதிக் கல்லூரிகளில் கவுன்சலிங் வழியாகவே இடம் கிடைக்கும். ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு, இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை, இளையவர்கள் இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு, விடுதி எல்லாமே இலவசம் என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது (இது எனக்கு நியாயமாகப் படவில்லை, அதே தையல்காரர் வீட்டுப் பிள்ளைதானே அங்கேயும் படிக்கிறது). ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2024இல் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கும் நீட்டித்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்றால் மகளுக்கு அது உண்டு.

வீட்டை முறிப்பது பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் இல்லை. காலேஜ் பஸ், விடுதி, மெஸ், அப்புறம் ஏதேதோ பெயரில் ஒரு ரசீது. கவுன்சலிங்கில் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் ஒரு கல்லூரியைப் போடுமுன் அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று கேளுங்கள், அலுவலகத்தில் கேட்டால் பாதியைத்தான் சொல்வார்கள். எந்தப் பாடப்பிரிவு என்பதை மகளே முடிவு செய்யட்டும், உங்கள் கடிதத்தில் அது இல்லவே இல்லை.

மிச்சத்துக்குக் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை சொத்து அடமானமும் மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம், பெற்றோர் கையெழுத்து போதும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கும் திட்டமும் உண்டு, மேனேஜர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இடத்தை விற்கும் பேச்சு இப்போது வேண்டாம். அலாட்மென்ட் வரட்டும், வீட்டிலிருந்தே போய் வரலாமா விடுதியா என்று தெரியட்டும், அப்போது கணக்கோடு மறுபடி எழுதுங்கள்.