டோலக்கோடு ஒட்டாத கிட்டார்

கேள்வி: எனக்கு 33 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. நாலு வருடமாக யூடியூப் பார்த்து கிட்டார் பழகுகிறேன். சர்ச் கொயரில் வாசிக்கிறேன், டிசம்பரில் கேரல் ரவுண்டுக்கும் போவேன். கேட்பவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். போன மாதம் ஒரு விசேஷ வீட்டில், கானா பாடும் நண்பர்களோடு உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு பாட்டு முடிந்ததும் டோலக் வாசிக்கும் அண்ணன், "நல்லாத்தான் கீது தம்பி, ஆனா ஒட்ட மாட்டேங்குது" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் எஃப் கார்டு எனக்குச் சரியாக விழாது, விரலில் வேகமும் இல்லை. அதுதான் காரணமா? மாஸ்டரிடம் போய்க் கற்க நேரம் அமையவில்லை. என் குறையை நானே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் எஃப் கார்டையும் விரல் வேகத்தையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அந்த அண்ணன் சொன்ன சொல்லைப் பாருங்கள். கார்டு பிசிறடித்திருந்தால் "சத்தம் சரியில்ல" என்றிருப்பார். ஸ்ருதி விலகியிருந்தால் பாடுபவர் முகம் சுளித்திருப்பார். "ஒட்டல" என்றது டோலக்காரர். அவர் காது முதலில் போவது காலத்துக்கு, அதாவது அடி சரியான நேரத்தில் விழுகிறதா என்பதற்கு. உங்கள் வலது கையில்தான் ஏதோ இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்தபடியே பந்தயம் கட்டுவேன்.

பெரம்பூரில் நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. "உங்ககிட்ட என்ன குறை?" என்று புதிதாக வருபவரைக் கேட்டால், ஏறக்குறைய எல்லாரும் இடது கையைத்தான் காட்டுவார்கள். எஃப் வராது, ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைக்கும் பார் கார்டு வலிக்குது, சோலோவுக்கு வேகம் பத்தாது. இடது கையின் தப்பு கண்ணுக்குத் தெரியும், விரல் நுனியில் வலிக்கும். காலத்தின் தப்பு எங்கேயும் வலிக்காது. நீங்கள் கார்டு மாற்றத் தடுமாறும்போது பாட்டும் உங்களுக்காகக் காத்திருப்பதாகவே உங்கள் மனசு கணக்குப் போட்டுக்கொள்ளும். தனியாகப் பழகுபவருக்கு இதைச் சொல்ல ஆளே கிடையாது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய அங்கிள். நாங்கள் வாசிக்கும்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "உன் மூஞ்சைப் பாத்தா நீ நல்லா வாசிக்கிற மாதிரியே இருக்குடா" என்பார். அந்த முதுகு இன்று உங்கள் பாக்கெட்டில் போனாக இருக்கிறது.

ரெக்கார்ட் செய்வதில் மூன்று விஷயம். போனை மூன்று நாலு அடி தள்ளி, கிட்டாரின் ஓட்டைக்கு நேராக இல்லாமல் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) பார்த்த மாதிரி வையுங்கள். ஓட்டைக்கு நேரே வைத்தால் அடித்தொனி குமுறும். அடுத்து, இடம். ஹவுசிங் போர்டு மாடிப்படியில் உட்கார்ந்து வாசித்தால் எல்லாருமே வித்வான்தான், அந்த எதிரொலி பாதிக் குறையை மூடிவிடும். மொட்டை மாடியில் அதற்கு நேர்மாறு. சத்தம் திரும்பி வராததால் கை தானாகவே ஓங்கி அடிக்கும். துணி காயப்போட்ட சாதாரண ரூம் போதும். மூன்றாவது, வாசித்த கையோடு கேட்காதீர்கள். அடுத்த நாள், ஷிஃப்ட் முடிந்து வந்து, இயர்போனில் கேளுங்கள். அன்றே கேட்டால், நீங்கள் வாசிக்க நினைத்ததைத்தான் கேட்பீர்கள்.

கேட்கும்போது தப்பைத் தேடவும் வேண்டாம். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். உங்கள் கை எந்த இடத்தில் அரை நொடி காத்திருக்கிறதோ, அந்த இடத்தைப் பாட்டு எழுதிய தாளில் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒரே பாட்டை மூன்று நாள் ரெக்கார்ட் செய்தால் வட்டங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழும். "எனக்குத் தாளம் நிக்காது" என்று பொதுவாகப் புலம்புவதற்கும், "சரணத்தில் மூணாவது வரி, சி-யிலிருந்து எஃப் போகும்போது" என்று சொல்வதற்கும் உள்ள தூரம்தான் இந்த வேலையில் பாதி.

பிறகு ஸ்டாப்வாட்சை எடுங்கள். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஒரு பாட்டு என்று வைப்போம். ஒரு பார், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, நாலு எண்ணிக்கையாக இருந்தால் எட்டு பாருக்கு 32 அடி, சுமார் 21.3 நொடி. உங்கள் ரெக்கார்டிங்கில் முதல் எட்டு பார் எத்தனை நொடி, கடைசி எட்டு பார் எத்தனை நொடி என்று பாருங்கள். கடைசி எட்டு 19.5 நொடியில் முடிந்திருந்தால், 90-இல் ஆரம்பித்து 98-ஐத் தாண்டிவிட்டீர்கள். "தாளம் ஓடுது" என்பது இதுதான். கொயரில் இது தெரியாது, கீபோர்டும் கூட்டமும் சேர்ந்தே ஓடும். டோலக்காரர் ஓட மாட்டார்.

இனி வலது கை. வீடியோ எடுக்கும்போது இந்த ஒருமுறையாவது இடது கையைப் பார்க்காமல் வலது மணிக்கட்டை மட்டும் பாருங்கள். ஊஞ்சல் மாதிரி நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும், கம்பியைத் தொடாத நேரத்திலும்கூட. கார்டு மாறும்போது அந்தக் கை ஒரு கணம் நின்றால், உங்கள் இடது கை வலது கைக்கு உத்தரவு போடுகிறது என்று அர்த்தம். அது தலைகீழாக இருக்க வேண்டும். இடது கை வராவிட்டாலும் வலது கை போகட்டும், திறந்த கம்பியில் விழுந்தாலும் விழட்டும். கேட்பவர் தப்புச் சுரத்தை மன்னிப்பார், நின்றுபோன தாளத்தை மன்னிக்க மாட்டார்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் சந்தேகமாக இருக்கும் இடம் இன்னொன்று. கானாவிலும் நம்ம ஊர்க் குத்துப்பாட்டிலும் திஸ்ரம் நிறைய வரும். தகிட, தகிட. ஒரு சுற்றுக்கு ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாக. யூடியூபில் தொடக்கக்காரருக்குச் சொல்லித்தரும், கம்பிகளை மொத்தமாக வருடி அடிக்கும் ஸ்ட்ரம்மிங்கோ பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் இருக்கும், தகதிமி. நாலில் கை கீழே, மேலே, கீழே, மேலே என்று போனால் ஒவ்வொரு "த"வும் கீழ்நோக்கிய அடியிலேயே விழும், எந்தச் சிக்கலும் இல்லை. மூன்று ஒற்றைப்படை. அதே ஊஞ்சல் கையை வைத்து தகிட தகிட வாசித்தால், முதல் "த" கீழ்நோக்கி விழும், இரண்டாவது "த" வரும்போது கை மேலே ஏறிக்கொண்டிருக்கும். மேல்நோக்கிய அடியில் பலம் கம்மி, படுவதும் மெல்லிய கம்பிகள்தான். டோலக்கில் அண்ணன் அழுத்திப் போடும் அந்த இரண்டாவது தட்டில் உங்கள் கிட்டார் சும்மா உரசிவிட்டுப் போகும். ஒட்டாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

கேரலிலும் மூன்று எண்ணிக்கைப் பாட்டு உண்டே என்பீர்கள். உண்டு, அவை மெதுவாகப் போகும். எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடித்துச் சமாளித்திருப்பீர்கள், குறை வெளியே வந்திருக்காது.

சோதிக்கக் கிட்டாரே வேண்டாம். வாயால் "தகிட தகிட" சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு "த"வுக்கும் காலைத் தட்டுங்கள். இரண்டு நிமிடம் தடுமாறாமல் போகிறதா? இப்போது கிட்டாரில் ஒரே ஒரு கார்டைப் பிடித்து, கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்று அடியுங்கள். நடுவில் இரண்டு கீழ் அடுத்தடுத்து வரும், கை அங்கே வேகமாக மேலே திரும்ப வேண்டும். அல்லது கீழும் மேலுமாகவே விட்டு, மேல்நோக்கி விழும் இரண்டாவது "த"வை வேண்டுமென்றே அழுத்துங்கள். இரண்டும் சரியான வழிதான். உங்களுக்கு இரண்டுமே வராவிட்டால் உங்கள் குறை அகப்பட்டுவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கிட்டார் வழக்கமாகப் போய்வந்த பாதை வேறு. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழு மேடை ஏறியபோது கானாவும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றாக நின்றதை எல்லாரும் புதுமை என்றார்கள். எனக்கு அதில் அதிசயமாகப் பட்டது அவர்களுடைய வலது கைகள்.

எஃப் கார்டுக்கு வருகிறேன். ஒருவேளை தப்பு உங்கள் கையில் இல்லாமலும் இருக்கலாம். அதே எஃப் வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்து, ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாருங்கள். அங்கே சுத்தமாக ஒலித்து முதல் ஃப்ரெட்டில் மட்டும் செத்துப்போனால், தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட் உயரமாக இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உறுதிப்படுத்த, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடியுங்கள். திடீரென்று லேசாகிவிட்டதா? குற்றவாளி நட்தான். ரிப்பேர் செய்பவர் பள்ளத்தைக் கொஞ்சம் அராவிக் கொடுப்பார், நீங்கள் கைவைக்காதீர்கள். கூட அராவிவிட்டால் கம்பி கரகரக்கும். விலை குறைந்த கிட்டார் பலவற்றில் இந்த வேலையைச் செய்யாமலேயே கடையில் தொங்கவிடுகிறார்கள். என் முதல் கிட்டாரோடு ஒரு வருடம் மல்லுக்கட்டி, எனக்குக் கை சரியில்லை என்றே நம்பியிருந்தேன்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அக்கூஸ்டிக்கில் தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் சுமாரான அளவு, மூன்றைத் தாண்டினால் கஷ்டம். நீங்கள் இருப்பது கடலோரம். ஈரக்காற்றில் மரம் ஊதி மேல்பலகை புடைக்கும், கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் தூக்கும், கம்பி உயரும். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து கம்பியைத் துருவாக்கும். துருப்பிடித்த கம்பியில் உங்கள் சத்தத்தை நீங்களே மதிப்பிடுவது, அழுக்குக் கண்ணாடியில் முகம் பார்ப்பது மாதிரி. வாசித்த பிறகு துணியால் துடைத்து உறைக்குள் வையுங்கள்.

ஐந்தாவது ஃப்ரெட்டிலும் எஃப் விழவில்லை என்றால், சரி, கைதான். அப்போது ஒன்று எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் சி-யிலிருந்து எஃப், எஃப்-பிலிருந்து சி என்று எத்தனை முறை சுத்தமாக மாற்ற முடிகிறது? ஜி, இ மைனருக்கு இடையே எத்தனை? முன்னது 18, பின்னது 50 என்று வந்தால், எங்கே உழைக்க வேண்டும் என்று எண்ணே சொல்லிவிடும். 90 வேகப் பாட்டில் பாருக்கு ஒரு மாற்றம் என்றால் நிமிடத்துக்கு 22 மாற்றம்தானே, 25 வந்தால் போதாதா என்று கேட்காதீர்கள். மாற்றத்துக்குப் பாட்டு ஒரு முழு பாரைக் கொடுப்பதில்லை, கடைசி அரை அடியைத்தான் கொடுக்கும், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அறுபதுக்கு அருகில் வந்தால்தான் நிம்மதி.

ஒன்றே ஒன்று, அழுத்தி அழுத்திப் பிடிக்காதீர்கள். விரலைக் கம்பியில் சும்மா வைத்து, மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்திப் பாருங்கள். கரகரப்பு நின்று சுத்தமாகும் புள்ளி ஒன்று வரும். அதற்கு மேல் போடும் பலம் முழுக்க வீண், போதாக்குறைக்குச் சுரமும் கொஞ்சம் ஏறிவிடும். மணிக்கட்டில் வலியோ விரலில் மரமரப்போ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். துறைமுக வேலையில் ஏற்கனவே களைத்த கை அது.

ஸ்ருதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டியூனர் ஆப் இல்லாமல் காதால் சேர்த்துவிட்டு, பிறகு ஆப்பில் பாருங்கள். எந்தக் கம்பி எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று ஒரு வாரம் குறித்தால் உங்கள் காதின் சாய்வு தெரிந்துவிடும். பலருக்கு பி கம்பியில்தான் வம்பு. ஜி கார்டு இனிமையாகக் கேட்கட்டும் என்று அதைக் கொஞ்சம் இறக்குவார்கள், உடனே இ கார்டு கசக்கும். அது காதின் தப்பு இல்லை, ஃப்ரெட் போட்ட வாத்தியங்களின் குணம். ஆப் காட்டும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். விரல் வேகத்தைப் பற்றி இப்போதைக்குச் சொல்ல எதுவும் இல்லை. உங்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

கடைசியாக, "நல்லா இருக்கு" என்று சொல்பவர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் உங்களிடம் அன்பாக இருக்கிறார்கள். நாலு வாரம் தகிடவைப் பழகிவிட்டு அந்த டோலக் அண்ணனிடமே திரும்பப் போங்கள். "எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டால் போன முறை மாதிரியே ஒற்றை வரிதான் வரும். போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, "நான் உங்களை விட்டுட்டுப் போற இடம் வந்ததும் கையைத் தூக்குங்கண்ணே" என்று சொல்லுங்கள். அவருக்கு வாயால் விளக்க வராததை அந்தக் கை சொல்லும். தூக்கிய இடத்தின் நொடியைக் குறித்துக்கொண்டு, உங்கள் பென்சில் வட்டங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் உங்கள் காதை நீங்கள் நம்பலாம். பொருந்தாத வட்டங்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், கூடவே எந்தப் பாட்டு என்றும்.