புரதத்துக்கு உருவம் உண்டு: டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், புரதத்தின் நான்கு நிலை அமைப்பைப் பார்க்காமலே எழுதுவேன், மார்க்கும் வரும். ஆனால் அது என்ன என்று தம்பி கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எனக்கு வரைவதுதான் பிடிக்கும். இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
– பிளஸ் ஒன் மாணவி, குலசேகரம்

பதில்: முடியும் மக்ளே. நோட்டை மூடிவை. பேன்சி ஸ்டோரில் கொஞ்சம் பாசிமணி வாங்கிக்கொள், இன்சுலினைக் கையால் செய்து பார்ப்போம். சின்னப் புரதம், மொத்தமே 51 அமினோ அமிலம். புரதத்தைக் கட்டும் சின்னத் துண்டுதான் அமினோ அமிலம், ஒரு பாசி என்றால் ஒரு அமினோ அமிலம். ஒரு நூலில் 21 பாசி கோத்தால் அது ஏ சங்கிலி. இன்னொரு நூலில் 30, அது பி சங்கிலி. ஏ-யில் 6, 7, 11, 20 என்ற இடங்களிலும், பி-யில் 7, 19 என்ற இடங்களிலும் மஞ்சள் பாசி போடு. அவை சிஸ்டீன், கந்தகம் உள்ளவை. இனி மெல்லிய கம்பி எடுத்து ஏ-யின் 7-ஐ பி-யின் 7-ஓடும், ஏ-யின் 20-ஐ பி-யின் 19-ஓடும் கட்டு. ஏ-யின் 6-ஐயும் 11-ஐயும் தங்களுக்குள் கட்டு. இழுத்துப் பார், நேராக வராது. ஏ சங்கிலியில் ஒரு சின்ன வளையம் விழுந்திருக்கும், இரண்டு நூலும் ஒன்றை ஒன்று விடாது.

பாசி கோத்த வரிசைதான் முதல் நிலை. அந்த வரிசையை 1955-க்குள் முழுதாகக் கண்டுசொன்னவர் ஃபிரெடரிக் சாங்கர். 1958-ல் அதற்காக நோபல் வாங்கினார். சங்கிலி அங்கங்கே ஒழுங்காகச் சுருள்வது இரண்டாம் நிலை. அதில் ஆல்ஃபா சுருள் வந்த கதை உனக்கு ரொம்பப் பிடிக்கும். 1948-ல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் ஆக்ஸ்ஃபோர்டில் சளி பிடித்துப் படுத்திருந்தார். சங்கிலியை ஒரு காகிதத்தில் வரைந்து, மடித்து மடித்துப் பார்த்தார். சுருளின் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம் என்று 1951-ல் வெளியிட்டார். வரைவது பாடத்துக்கு வெளியே உள்ள வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதே. சங்கிலி முழுவதும் மடிந்து ஓர் உருவத்துக்கு வருவது மூன்றாம் நிலை. நான்காவதை அடுத்த பதிலில் பார்.

கேள்வி: அம்மாவின் இன்சுலின் பாட்டில் தெரியாமல் ஃப்ரீசருக்குள் போய் உறைந்துவிட்டது. வெளியே வைத்ததும் பழையபடி ஆகிவிட்டது. போடலாமா டீச்சர்?
– வாசகி, குளச்சல்

பதில்: வேண்டாம்மா. விலையைப் பார்க்காமல் தூர எறிந்துவிடுங்கள். உறைந்தபோது மடிப்பு கலைந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கலாம். பாசி ஒன்றும் உதிர்ந்திருக்காது, வரிசையும் அப்படியே இருக்கும், உருவம்தான் போயிருக்கும். உருவம் போனால் செல்லின் மேல் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் அது பொருந்தாது. அம்மாவுக்கு ஊசி போட்டும் சர்க்கரை இறங்காது. திறக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசருக்குத் தள்ளி வையுங்கள். திறந்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும், மருந்துக்கு மருந்து மாறும்.

குலசேகரத்துப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய நான்காம் நிலை இங்கேதான் இருக்கிறது. கணையத்தில் இன்சுலின் தனித்தனியாக இருப்பதில்லை. ஆறு மூலக்கூறுகள், நடுவில் துத்தநாக அயனிகள் என்று கூட்டமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மடிந்த சங்கிலிகள் இப்படிச் சேர்ந்து நிற்பதுதான் நான்காம் நிலை. அந்த உருவத்தை டோரதி ஹாட்ஜ்கினின் குழு 1969-ல் கண்டது. சாதாரண இன்சுலினைத் தோலுக்கடியில் போட்டால், இந்தக் கூட்டம் கலைந்து ஒவ்வொன்றாகப் பிரிந்த பிறகே ரத்தத்தில் சேரும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடச் சொல்கிறார்கள். லிஸ்ப்ரோ என்ற வேகமான இன்சுலினில் செய்த மாற்றம் என்ன தெரியுமா? பி சங்கிலியின் 28-ம் 29-ம் பாசிகளை இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான். கூட்டம் சீக்கிரம் கலைகிறது, மருந்து சீக்கிரம் வேலை செய்கிறது.

கேள்வி: மூட்டுவலிக்குக் கொலாஜன் பவுடர் குடிக்கச் சொல்கிறார்கள். அது நேரே மூட்டுக்குப் போய்ச் சேருமா?
– வாசகர், ஈத்தாமொழி

பதில்: கொலாஜன் என்பது மூட்டிலும் எலும்பிலும் இருக்கும் புரதம். குடித்தது கொலாஜனாகவே போய்ச் சேராது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் துண்டுகளாகவும் வெட்டிவிடும். கொலாஜனை உங்கள் உடம்பே கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டுமானத்துக்கு வைட்டமின் சி கட்டாயம். மீனும் முட்டையும் பயறும் நெல்லிக்காயும் நம் ஊரில் கிடைக்காமலா போகிறது? வலி விடாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

கயிறு திரிப்பதைப் பார்த்த உங்கள் ஊர்க்காரருக்குக் கொலாஜன் புரியாமல் போகாது. கயிற்றில் புரியை ஒரு பக்கம் முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள், அதனால் பிரியாது. கொலாஜனும் அப்படித்தான்: ஒவ்வொரு சங்கிலியும் இடச் சுருள், மூன்றும் சேர்ந்து வலமாக முறுக்கிக்கொள்கின்றன. 1954, 55-ல் இதைச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மூன்று சங்கிலியும் நெருங்கும் நடுவில் இடமே இல்லை. ஆகவே மூன்றில் ஒரு பாசி, இருப்பதிலேயே சிறியதான கிளைசினாக இருக்கவேண்டும். ஒரு கிளைசின் இருந்த இடத்தில் பெரியது வந்து உட்கார்ந்தால் முறுக்கு கெடும். எலும்பு லேசான அடிக்கே முறியும் பிறவி நோய் பலருக்கு இப்படித்தான் வருகிறது.

கேள்வி: நான் பெயின்டர். பள்ளிக்கூடச் சுவரில் ஹீமோகுளோபின் வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு படத்தில் நாடா மாதிரி இருக்கிறது, இன்னொன்றில் உருண்டை உருண்டையாக. எது சரி? என்ன நிறம் கொடுக்க?
– வாசகர், தக்கலை

பதில்: இரண்டும் சரி அண்ணே. உருண்டைப் படம் ஒவ்வொரு அணுவும் பிடிக்கும் இடத்தைக் காட்டும். நாடாப் படம் சங்கிலி போகும் வழியைக் காட்டும். இந்த நாடா முறையை நிலைநிறுத்தியவர் ஜேன் ரிச்சர்ட்சன். 1981-ல் வந்த அவருடைய நீண்ட கட்டுரைக்காகப் புரதங்களைக் கையாலேயே வரைந்தார். இன்று கம்ப்யூட்டர் காட்டும் நாடாவும் அந்தக் கையெழுத்துதான். அதற்கும் முன்னால், 1961-ல், இர்விங் கைஸ் என்ற ஓவியர், தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் அணுக்களை ஒவ்வொன்றாக வண்ணத்தில் தீட்டினார்.

சுவருக்கு நாடாவே எடுக்கும். நான்கு சங்கிலி, ஆல்ஃபா வகை இரண்டு, பீட்டா வகை இரண்டு. ஆகவே இரண்டு நிறம் போதும், உங்களுக்குப் பிடித்தது எதுவானாலும். இந்த உருவம் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது, எந்த வெளிச்சத்திலும் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் நாடாவின் நிறம் ஓவியர் முடிவு. ஆனால் சங்கிலிக்கு ஒன்றாக இருக்கும் நான்கு ஹீம் தகடுகளுக்கு மட்டும் சிவப்பைத் தவிர வேறு கொடுக்காதீர்கள். இரும்பு அங்கேதான், ரத்தச் சிவப்பும் அங்கிருந்துதான். அமெரிக்காவின் ஓரிகனில் ஜூலியன் வாஸ்-ஆண்ட்ரே என்பவர் 2005-ல் ஹீமோகுளோபினை எஃகுச் சிற்பமாகச் செய்து, காற்றிலும் மழையிலும் துருப்பிடிக்கட்டும் என்றே வெளியில் விட்டார். இரும்பும் ஆக்சிஜனும் சேருவதைச் சிற்பமே செய்துகாட்டுகிறது. எனக்கு அது மிகவும் பிடித்த வேலை.

இடம் இருந்தால் பீட்டா சங்கிலியின் ஆறாவது அமினோ அமிலத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தச் சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் அந்த ஒன்று மட்டும் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலினாக மாறினால், ஆக்சிஜனை விட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகி, சிவப்பணுவை அரிவாளாக வளைத்துவிடும். நீலகிரிப் பழங்குடி மக்களை வாட்டுகிற அரிவாள் செல் சோகை அதுதான். பக்கத்தில் அந்த வளைந்த அணுவையும் சின்னதாக வரைந்தால் பிள்ளைகளே கேட்பார்கள். முடிந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கள், அடுத்த இதழில் போடச் சொல்கிறேன்.