வாசகர் கேள்வி – பதில்: படியிறங்க அஞ்சும் கால்கள்

கேள்வி: ஐயா, யாங்கோன் நகருக்குள் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். லிப்ட் கிடையாது. அம்மாவுக்கு 72 வயது. எக்ஸ்ரே பார்த்து முழங்கால் தேய்மானம் என்றார்கள். மூன்று மாதமாக அம்மா கீழே இறங்கவில்லை. காய்கறிகூட பால்கனிக் கயிற்றில்தான் மேலே வருகிறது. தேய்ந்த மூட்டுக்கு ஓய்வுதானே நல்லது? – வாசகி, யாங்கோன்

பதில்: மூன்று மாத ஓய்வில் மூட்டுத் தேய்மானம் குறைந்திருக்காது, தொடைத் தசைதான் கரைந்திருக்கும். முழங்காலைத் தாங்குவது முன்தொடைத் தசை. அது மெலிந்தால் ஒவ்வோர் அடியின் பாரமும் நேராக மூட்டில் இறங்கும். வலிக்கிறதே என்று உட்கார, உட்கார்ந்ததால் இன்னும் மெலிய, பிறகு பால்கனிக் கயிறுதான் கதி.

முதலில் ஒரு சோதனை. கைப்பிடியில்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மா இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 70 முதல் 79 வயதுப் பெண்களுக்கு 10 முறைக்குக் குறைந்தால் கால் பலம் போதாது. கை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். பயப்பட வேண்டாம், அதுதான் தொடக்கப்புள்ளி.

அதே நாற்காலிதான் மருந்தும். இருக்கைமேல் கம்பளியை மடித்துப் போட்டு உயர்த்துங்கள். அம்மா இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைக்க வேண்டும். மூக்கு கால் பெருவிரலுக்கு நேர் மேலே வருமளவு குனிந்து எழ வேண்டும். பலரும் நிமிர்ந்தபடியே எழப் பார்த்துத் தொப்பென்று பின்னால் விழுவது இங்கேதான். உட்காரும்போது மனசுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்கட்டும். அந்த மெதுவான இறக்கமும் தசைக்குப் பயிற்சிதான். முழங்கால்கள் ஒன்றையொன்று இடிக்க விடாதீர்கள். மூச்சையும் அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். இரண்டு சுற்றும் சுலபமானால் கம்பளியை எடுத்துவிடுங்கள்.

செய்யும்போது ஓரளவு வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மூட்டு சூடாக வீங்கினாலோ, மடக்கிய கால் அப்படியே பூட்டிக்கொண்டாலோ, படியேறும்போது நெஞ்சு அடைத்தாலோ பயிற்சியை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள்.

எழுவது பழகியதும் படிக்கு வாருங்கள். முதல் வாரம் ஒரே ஒரு மாடி இறங்கி ஏறினால் போதும். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே. ஒரு கை எப்போதும் கைப்பிடியில். நம்மூர்ப் படிகள் செங்குத்து. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் பிடிக்கக் கை இருக்காது. பைக்கு அந்தக் கயிறே இருக்கட்டும், அம்மா மட்டும் இறங்கட்டும். துணைக்கு நிற்பவர் ஏறும்போதும் இறங்கும்போதும் அம்மாவுக்கு ஒரு படி கீழேதான் நிற்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 78. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து இரண்டு முறை விழுந்துவிட்டார். கால் பலவீனமா? – வாசகர், பகோ

பதில்: காலைச் சந்தேகிக்கும் முன் பிரஷரைப் பாருங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்து, எழுந்து நின்ற 1-ஆம் நிமிடத்திலும் 3-ஆம் நிமிடத்திலும் அளக்கவும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால், எழுந்ததும் தலைக்கு ரத்தம் போதாமல் விழுகிறார். எண்களை எழுதி டாக்டரிடம் கொடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் இருபது முறை அசைத்துவிட்டு நிற்கட்டும். கரண்ட் போகும் ஊர், டார்ச் தலையணையருகே கைக்கெட்ட இருக்கட்டும். கைலியைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள், தழையும் ஓரத்தை மிதித்து விழுபவர்கள் ஏராளம். மழைக்காலத்தில் குளியலறைப் பாசியை வாராவாரம் தேய்த்து எடுங்கள். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நம்பாதீர்கள், ஆளின் பாரம் தாங்காது.

மறுபடி விழுந்தால் உடனே கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: வலது முழங்கால் வலிக்கிறது. கைத்தடியை வலக்கையில் பிடிப்பது சரியா? – வாசகர், மௌலமைன்

பதில்: இடக்கையில் பிடியுங்கள். வலது காலும் தடியும் சேர்ந்தே முன்னே போக வேண்டும். வழக்கமான செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகைக்குத் தடியின் பிடி வர வேண்டும். மூங்கில் தடியானால் அந்த அளவுக்கு அறுத்துவிடலாம். குதிகால் நழுவும் வெல்வெட் செருப்பைக் கோயிலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நேரம் பின்பட்டி உள்ளதைப் போடுங்கள். தடியின் அடி ரப்பரில் உள்ள கோடுகள் தேய்ந்து மழுங்கினால் மாற்றிவிடுங்கள், ஈரத் தரையில் தடிதான் முதலில் வழுக்கும்.