படைப்பாற்றலுக்கு மதிப்பெண் போடலாமா?

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. மாணவர்களின் படைப்பாற்றலை ஒரு தேர்வின் மூலம் அளந்து, முன்னேற்ற அறிக்கையில் மதிப்பெண்ணாகக் குறிக்க வேண்டும் என்று எங்கள் பள்ளி நிர்வாகம் விரும்புகிறது. அதற்கு நம்பகமான தேர்வு உண்டா?

பதில்: தேர்வுகள் உண்டு. ஆனால் அவை தரும் எண்ணை முன்னேற்ற அறிக்கையில் ஏற்றக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

உளவியலாளர்கள் படைப்பாற்றலைப் புறக்கணித்துவிட்டார்கள் என்று 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமையுரையில் ஜே. பி. கில்ஃபோர்ட் சுட்டிக்காட்டிய பிறகே இத்துறையில் ஆய்வுகள் பெருகின. ஒரே சரியான விடையைத் தேடாமல் பல விடைகளை நோக்கி விரியும் சிந்தனையை அவர் 'விரிசிந்தனை' என்ற வகையில் வைத்தார். அதன் தொடர்ச்சியாக 1966இல் வெளிவந்த பால் டாரன்ஸின் தேர்வே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஒரு பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது போன்ற வினாக்களும், முற்றுப்பெறாத கோடுகளைப் படமாக்கும் பணிகளும் அதில் உண்டு. எத்தனை எண்ணங்கள் வந்தன, அவை எத்தனை வகைப்பட்டன, எவ்வளவு அரிதானவை, எவ்வளவு நுணுக்கமாக விரிக்கப்பட்டன என்ற அடிப்படையில் மதிப்பெண் தரப்பட்டது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. செங்கல்லுக்கு இருபது பயன்களை எழுதும் மாணவியின் பட்டியலில், அளவு மிகுந்திருப்பதாலேயே அரிதான எண்ணம் ஒன்றிரண்டு அமைந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. ஐந்தே பயன்களை எழுதி, அவற்றில் ஒன்றை வியக்கத்தக்கதாக எழுதியவன் பின்தங்கிவிடுகிறான். மேலும், ஒரு விடை அரிதானதா என்பது யாருடைய விடைகளோடு அதை ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஓரிடத்தில் எல்லோருக்கும் தோன்றும் எண்ணம் வேறோரிடத்தில் யாருக்கும் தோன்றாமல் போகலாம். தேர்வு நடக்கும் சூழலும் மதிப்பெண்ணை மாற்றும். 'எவரும் நினைக்காததை எழுதுங்கள்' என்று முன்கூட்டியே சொன்னால் ஒரு விளைவு, சொல்லாவிட்டால் வேறொரு விளைவு. மைக்கேல் வாலக்கும் நாதன் கோகனும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், கால வரம்பில்லாமல், விளையாட்டைப் போன்ற சூழலில் குழந்தைகளிடம் இத்தகைய பணிகளைக் கொடுத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஐந்தாம் வகுப்பினரை என்றாலும், மணியடித்தால் தாளைப் பறிக்கும் தேர்வறையின் அச்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எனவே, உங்கள் வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது தெரசா அமாபிலே 1982இல் முன்வைத்த முறையை. எல்லா மாணவர்களுக்கும் ஒரே பணியை, ஒரு சிறுகதையையோ எளிய பொருள்களால் ஆன ஒரு வடிவமைப்பையோ கொடுங்கள். அத்துறையை நன்கறிந்த சிலர், ஒருவரோடொருவர் கலந்து பேசாமல், வெவ்வேறு வரிசையில் அவற்றைப் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும். படைப்பாற்றல் என்றால் என்ன என்ற வரையறையை அவர்களிடம் கொடுக்கக் கூடாது. கையெழுத்தின் அழகு, பிழையின்மை போன்றவற்றுக்குத் தனியே மதிப்பிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நேர்த்தி படைப்பாற்றலாகத் தோற்றமளித்துவிடும். நடுவர்களின் மதிப்பீடுகள் பெரிதும் ஒத்துப்போனால் மட்டுமே அவற்றை நம்பலாம். இதற்கு நேரமும் உழைப்பும் மிகுதியாகத் தேவைப்படும். ஆயினும், மாணவர் உண்மையில் உருவாக்கிய ஒன்று உங்கள் கையில் இருக்கும். எதை மேலும் வளர்க்கலாம் என்று அவரோடு அமர்ந்து பேச அது உதவும்.

கேள்வி: பீசா என்னும் பன்னாட்டுத் தேர்விலும் படைப்பாற்றல் அளக்கப்பட்டதாமே?

பதில்: ஆம். 2022ஆம் ஆண்டுச் சுற்றில் 15 வயது மாணவர்களின் படைப்புச் சிந்தனை சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2024இல் வெளியாயின. சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. எழுத்து, காட்சி வெளிப்பாடு, சமூகச் சிக்கல், அறிவியல் சிக்கல் ஆகிய நான்கு களங்களில் வினாக்கள் அமைந்தன. பிறருடைய எண்ணத்தை மேம்படுத்தும் பணியும் அதில் இடம்பெற்றது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஏனெனில் வகுப்பறையில் அரிதாகவே நாம் அதைக் கேட்கிறோம். எனினும் அது கல்வி முறைகளை ஒப்பிடுவதற்கான தேர்வே தவிர, தனி மாணவரைத் தரம்பிரிப்பதற்கானதன்று.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். படைப்பாற்றல் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றதிலிருந்து மனம் சோர்ந்திருக்கிறான். மீண்டும் எழுதச் சொல்லலாமா?

பதில்: அந்த ஒரு மணி நேரத்தில், அந்த வகை வினாக்களுக்கு அவனுக்குக் குறைவாகவே எண்ணங்கள் தோன்றின, அந்த மதிப்பெண்ணுக்கு அதற்கு மேல் பொருளில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் புதுவழி காண்பவர் கதை எழுதுவதில் சாதாரணமாக இருக்கலாம். ஒரு களத்தின் படைப்பாற்றல் மற்றொன்றுக்குத் தானாகச் செல்வதில்லை. உடனே அதே தாளை மீண்டும் எழுதவைக்க வேண்டாம், வினாக்கள் பழகிவிட்டதால் கூடும் மதிப்பெண் எதையும் உணர்த்தாது. அவன் விரும்பியே மீண்டும் எழுதினால், சில மாதங்கள் கழித்து அதற்கு இணையான வேறு வினாத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.